விட்டுப்போன மூன்றாவது ஊதல்

உ

ஏழாயிரம்பண்ணை
பிலவ வருடம் பங்குனி 20

அன்பு மகள் இருளம்மாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதாமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் எழுதிவிட்டேன், அதில் உண்மை எவ்வளவு என்பதைக் கீழே வாசித்துத் தெரிந்துகொள். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் கல்கத்தாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் வீட்டுத் தெய்வம் துணை நிற்கட்டும். உன் கடிதம் வந்தது. போன மாதம் நான் போட்ட கடிதத்தை இடுக்கியால் பிடித்து அடுப்பில் வாட்டிவிட்டுத்தான் பிரித்தாய் என்றும், பாதி கருகிப்போனதால் ஊரில் என்ன நடந்தது என்று சரியாக விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நல்ல காரியம் செய்தாய். பெற்றவள் எழுதியதைக் கருவாடு மாதிரி சுட்டுப் படிக்கிற மகளை இந்த ஜில்லாவிலேயே நான்தான் பெற்றிருப்பேன். இந்தக் கடிதத்தை வாட்ட வேண்டாம். மூளைக்காய்ச்சல் தபாலில் வராது, மதுரை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். நம் ஊருக்கு வந்த கிருமி மனுஷ உடம்பை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகுமாம், கல்கத்தா வரைக்கும் ரயிலில் வர அதற்குத் தெம்பு கிடையாதாம்.

சித்திரையில் பிள்ளைக்கு முடி எடுத்துக் காது குத்த இங்கே வரலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை காளிராஜ் வேண்டாம் என்கிறார், மழை பெய்து ஊர் கழுவிவிட்ட பிறகு பார்க்கலாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். நம் ஊரில் மழை பெய்து கழுவுகிறவரை காத்திருந்தால் உன் பிள்ளைக்குக் கல்யாணத்தோடு சேர்த்துத்தான் காது குத்த வேண்டும். என் பதில், வா. ஆனால் வா என்று ஒற்றை எழுத்தில் எழுதினால் நீயும் நம்ப மாட்டாய் அவரும் நம்ப மாட்டார், அதனால் கருகின பாதியை மறுபடியும் எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு.

தை அமாவாசைக்கு எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் முடிந்தது என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள். இங்கே முடிவதற்கு வேண்டிய ஏற்பாட்டை எல்லாம் ஊர் நன்றாகவே செய்தது. கோழி வைத்திருந்தவர்கள் அடித்துத் தின்றார்கள். உன் அப்பா மிளகாய் பறிக்க ஆள் விடவில்லை, உலகமே போகும்போது வத்தல் போட்டு என்ன செய்ய என்றார். கடைசியில் உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது, மிளகாய்தான் செடியிலேயே வெம்பி உதிர்ந்தது. உன் பெரியப்பாவுக்கு மட்டும் ஊரைக் காப்பாற்றுகிற பொறுப்பு. உனக்குத் தெரிந்ததுதான், மாப்பிள்ளைக்காக எழுதுகிறேன். உன் அப்பாவின் அண்ணன் சங்கரலிங்கம் திருநீறு போட்டால் எந்த நோயும் நிற்காது என்று இந்தப் பக்கத்தில் பெயர். தாயில்பட்டியிலிருந்து கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நெற்றியில் பூசிவிட்டுக் குனிந்து முகத்துக்கு நேராக மூன்று தரம் ஊதுவார். கண் இமையில் காற்றுப் பட வேண்டும், பட்டால்தான் பலித்தது. இந்தப் பெயர் வந்தது எப்படி என்றால், நீ வயசுக்கு வருகிறதற்கு முன்னால் தங்கச்சாமி மகன் தலைவலி வாந்தி என்று கழுத்தை அசைக்க முடியாமல் கிடந்தான் இல்லையா, அவனுக்கு இவர் விடாமல் ஊதினார், அடுத்த வாரம் அவன் எழுந்து கிட்டி விளையாடினான். அன்றிலிருந்து நம் வீட்டு வாசலில் செருப்புக்கு இடம் போதவில்லை.

அமாவாசைக்கு முன்னால் பெரியப்பா ஒரு முடிவு செய்தார். கிரகத்தின் விஷக்காற்றுச் சிறுபிள்ளைகளைத்தான் முதலில் அடிக்கும், அதனால் நம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்றார். நம் பழைய பருத்திக் கிட்டங்கி இருக்கிறதே, பட்டாசுக் கம்பெனிக்காரருக்குக் காகிதம் போட வாடகைக்கு விட்டோமே, அது லோடு போய்க் காலியாகக் கிடந்தது. அதில் பிள்ளைகளை அடைத்து, ஜன்னலுக்கெல்லாம் சாக்கைத் திணித்து, கதவு இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஒரு பொட்டுக் காற்றுப் புகாமல் பத்திரப்படுத்தினார்கள். ஒட்டி ஒட்டிப் படுத்துக் கிடந்தன. ஒரு செம்பில் வேப்பிலைத் தீர்த்தம். நாமெல்லாம் அண்ணாந்து குடிக்கிற ஜாதி, எச்சில் என்றால் ஏழு தரம் கழுவுகிற ஜாதி, ஆனால் சிறுசுகளுக்கு அண்ணாந்து குடிக்க வராது, ஒன்று வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்ததிடம் கொடுத்தது. பெரியப்பா காலையும் மாலையும் வரிசையாக ஒவ்வொன்றின் முகத்திலும் ஊதிக்கொண்டு வந்தார். கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தவள் கம்பெனியில் திரி வேலை பார்க்கிற சின்னத்தாய். அவள் தன் மகள் மாடத்தியையும் அவர்கள் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூட்டிப் பெருக்கும்போது உள்ளே வந்தவள்தான், ஆனால் பிள்ளைகளோடு வந்தபோது பெரியப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவள் பிள்ளைகளைத் தரிசில் இருக்கிற புளியமரத்துக்குக் கீழே கொண்டுபோய் விளையாட விட்டாள். எட்டுக் கிரகமும் அந்தப் பிள்ளைகளைத் திறந்த வெளியில் நன்றாகப் பார்த்தது, ஒன்றுக்கும் ஒரு தும்மல் கூட வரவில்லை.

உலகம் அழியவில்லை என்று பொங்கல் வைத்துக் கிட்டங்கிக் கதவைத் திறந்தோம். அந்த வாரமே, உள்ளே படுத்திருந்த நம் தெருக் கருப்பணன் மகன் பெத்தணன் காய்ச்சலில் விழுந்தான். நீ தொட்டிலாட்டின பிள்ளை, நாலு வயசு. தலை வலிக்கிறது என்று சுவரில் முட்டினான், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்றான், பிறகு உடம்பில் கருஞ்சிவப்பாகப் புள்ளி போட்டது. புள்ளியைப் பார்த்ததும் அம்மை என்று முடிவாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் டாக்டரைக் கூப்பிடலாமா, கூப்பிடவில்லை. வேப்பிலையில் படுக்க வைத்து இளநீர் கொடுத்தார்கள். பெரியப்பா போய் ஊதினார். அவன் நினைவு தப்பின பிறகு வண்டி கட்டிச் சாத்தூர் டாக்டரிடம் கொண்டுபோனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. இருளம்மா, இதை எழுதும்போது எனக்குக் கேலி வரவில்லை. அந்த டாக்டர் பிள்ளையின் உடம்பைப் பார்த்துவிட்டு, புள்ளியை விரலால் அமுக்கிப் பார்த்து, இது அம்மை இல்லை, இது மூளைக்காய்ச்சல், இவனோடு யார் யார் படுத்திருந்தார்கள், இன்னும் யாருக்காவது காய்ச்சல் உண்டா, உடனே சொல்லுங்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்தச் சத்தம்தான் வீரலட்சுமியைக் காப்பாற்றியது.

வீரலட்சுமி பெரியப்பாவின் மகன்வழிப் பேத்தி என்பது மாப்பிள்ளைக்கு நினைவிருக்கும், உன் கல்யாணத்தில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து மாலையைப் பிய்த்தாளே அவள்தான். ஆறு வயசு. கருப்பணன் மகனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே அவளுக்கு வாந்தி. மோவாயை நெஞ்சில் தொடச் சொன்னோம், முடியவில்லை, அழுதாள். சிவகாசியிலிருந்து கார் பிடிக்க நேரமில்லை, மதுரைக்குப் புறப்பட்டு நின்ற பட்டாசு லோடு லாரியில் முன்னால் அவளைப் போட்டுக்கொண்டு நானும் அவள் அம்மா மூக்கம்மாளும் போனோம். பின்னால் முழுக்க வெடி, அதனால் டிரைவர் மாட்டு வண்டி மாதிரித்தான் ஓட்டினான், ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாங்கள் வேண்டாத சாமியில்லை. பெரியாஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் குத்தினால் கால் விளங்காது என்று மூக்கம்மாள் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கால் விளங்காவிட்டால் நான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் விடு என்று அவள் கையைப் பிரித்தேன். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கழுநீர் மாதிரி கலங்கி வந்தது. பென்சிலின் போட்டார்கள்.

அங்கே கிடந்த நாட்களில் டாக்டர் எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நான் ஐந்தாம் வகுப்பு என்பதற்காக அவர் ஒன்றும் குறைத்துச் சொல்லவில்லை. மூளையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம், அதில் புண்ணாகி வீங்குவதுதான் இந்த நோய். யார் வந்து புண்ணாக்கியது என்பதில்தான் வித்தியாசம், நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். வீரலட்சுமிக்கு வந்தது எச்சில் தெறிப்பிலும் மூச்சிலும் நெருங்கிப் படுப்பதிலும் ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பதிலும் ஒட்டுவது, மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோவது. காச நோய்க் கிருமியால் வருவது இன்னொன்று, அது மெதுவாக வரும், பிள்ளை வாரக்கணக்கில் சுணங்கிச் சுணங்கித்தான் விழும், வீட்டில் ஓயாமல் இருமுகிற ஒருவரிடமிருந்து வந்திருக்கும். உன் அத்தை மகள் அப்படித்தான் போனாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, நாம் புளியமரத்து முனி அடித்தது என்று கிடா வெட்டினோம், இருமிக்கொண்டிருந்த அவள் தாத்தாவுக்குத்தான் தலைக்கறி கொடுத்தோம். காதில் சீழ் வடிவதை அப்படியே விட்டால் அது உள்ளே இறங்கியும் வருமாம், அது அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் போகவும் போகாது. உன் பிள்ளைக்குக் காதில் ஏதாவது வந்தால் எண்ணெய்க் கரண்டியைத் தூக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. இன்னொரு வகை, கிருமியிலும் பொடிக் கிருமியாம், கழுவாத கையிலும் அசுத்தத் தண்ணீரிலும் பரவுவது. அதில் பெரும்பாலும் தலைவலி வாந்தி கழுத்துப் பிடிப்பு எல்லாம் இருந்துவிட்டு ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும் என்றார். தானாகவே என்றால் ஒன்றும் செய்யாமலா என்று கேட்டேன். ஒன்றும் செய்யாமல்தான், ஊதினால் கூடப் போகும் என்று சிரித்தார். நம் கதை தெரியாமல்தான் சொன்னார். எனக்குத் தங்கச்சாமி மகன் கிட்டி விளையாடினது கண்ணுக்கு முன்னால் வந்தது, நான் சிரிக்கவில்லை.

இதற்குள் ஊர் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. நோயைக் கொண்டுவந்தது சின்னத்தாய் தெருக்காரர்கள் என்று தீர்மானம் செய்து, அவர்கள் நம் தெரு வழியாக வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் அத்தனையும் கல்லாகத் திரிகிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகு கம்பெனிக் கந்தக நெடிதான் காரணம் என்று ஒரு கட்சி. வேலையை நிறுத்தினால் யார் வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரிந்ததும் கந்தகத்தை மன்னித்துவிட்டார்கள். சுகாதார இலாகா ஜீப் வந்து தெரு முழுக்க மாத்திரை கொடுத்தது, கொடுப்பதற்கு முன்னால் நம் வீட்டில் எல்லோருடைய தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆம்பளைகள் எல்லாம் பின்வாங்கினபோது பெரியப்பாதான் முதலில் போய் வாயைத் திறந்தார், பயப்பட என்னலே இருக்கு என்று மற்றவர்களை அதட்டினார். அத்தனை தொண்டையிலும் அவர் தொண்டையில்தான் அந்தக் கிருமி இருந்தது.

அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. சில பேர் தொண்டையில் அது சும்மா குடியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, அடுத்தவருக்குப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். தைப்பூசக் கூட்டத்தில் ஒட்டியதா, அதற்கு முன்பேயா, கண்டுபிடிக்க முடியாது என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை நீ கவனமாக வாசி. பிள்ளைகளில் ஒன்றே கொண்டுவந்து அதனிடமிருந்து இவருக்கு ஒட்டியிருக்கலாம், யார் யாருக்குக் கொடுத்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்றார். கொலை வழக்கில் கூடச் சந்தேகத்தின் பலனைக் கூண்டில் நிற்கிறவனுக்குக் கொடுப்பார்கள். உன் பெரியப்பா அதைத் தமக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை தின்றார், மறுபடி தடவிப் பார்த்ததில் தொண்டை சுத்தம் என்று வந்துவிட்டது, தெருவிலும் அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. அப்படியும் இந்த வெயிலில் துண்டால் வாயைச் சுற்றிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

வீரலட்சுமி பிழைத்தாள். கால் விளங்குகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, காது மட்டும் போய்விட்டது. இரண்டும். டாக்டர் இதையும் முன்பே சொல்லி வைத்திருந்தார், நாங்கள் உயிரைக் கேட்டுக்கொண்டிருந்ததால் காதைப் பற்றிச் சொன்னது காதில் ஏறவில்லை. கண் விழித்து இரண்டு நாள் எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள், "எல்லாரும் ஏன் வாயை மட்டும் அசைக்கீக?" என்று கேட்டாள். மூக்கம்மாள் வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். நான் இன்னும் பெரிசாக வாயை அசைத்தேன், வேறு என்ன செய்ய. வெடி செய்கிற ஊரில் கேட்காத பிள்ளையாக வந்து சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் கம்பெனிக்காரர் தரிசில் புது வெடி போட்டுப் பார்க்கும்போது மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்தும், இவள் கோழிகள் பறப்பதைப் பார்த்துத்தான் வெடித்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறாள்.

உண்மை தெரிந்தால் ஊர் பெரியப்பாவைக் கல்லால் அடிக்கும் என்று உன் அப்பா பயந்தார். ஊரை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. டாக்டர் சொன்னதை யாருமே நம்பவில்லை. கையில் பிள்ளையோடு முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள், கிரகம் முடிந்தாலும் வால் இருக்குமாம். இவர் ஊத மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள், அவர் கேட்டது எதையோ நாம் செய்யவில்லை போலிருக்கிறது, அதுதான் முறுக்கிக்கொள்கிறார் என்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை கருப்பணன் வந்தான், மிச்சமிருக்கிற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு. பெரியப்பா எழுந்து உள்ளே போகப் பார்த்தார். கருப்பணன் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்குக் கிட்டங்கியில கூட்டத்துல எம் பிள்ளைக்கு ரெண்டு தரம்தான் ஊதினீக, மூணாவது விட்டுப்போச்சு. நாந்தான் பாத்துக்கிட்டே நின்னேன், கேக்காம விட்டுட்டேன். அதாம் போயிட்டான். இவளுக்காவது மூணும் ஊதுங்க" என்றான். பெற்ற பிள்ளை போனதற்கு அவன் இப்படி ஒரு காரணம் வைத்திருக்கிறான், பழியும் தன் மேல்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். பெரியப்பா வாயிலிருந்த துண்டை எடுக்கவேயில்லை. "ஏலே கருப்பணா, விட்டுப்போனது ஒண்ணுதாம்லே. மத்த ரெண்டையும் நான் எப்படிலே திருப்பி எடுக்க?" என்றார். கருப்பணனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் உள்ளே போய் அரிசி புடைத்தேன், அன்றைக்குப் புடைக்க அரிசியே இல்லை.

அதனால்தான் உன்னை வரச்சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைக்கு முடி எடுத்ததும் முதல் திருநீறு பெரியப்பா கையால்தான் என்பது முறை. அவர் சித்திரை பிறந்ததும் திருச்செந்தூர் போய்விடுகிறேன், என் கை படாமல் நடத்துங்கள், இருளம்மா நிம்மதியாக வந்து போகட்டும் என்கிறார். நீ வராவிட்டால் தாமே நோய் என்று அவர் எடுத்த முடிவுக்கு நீ கையெழுத்துப் போட்டது போல ஆகும். மாப்பிள்ளையிடம் சொல், பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவோம். ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள், பிள்ளையைக் கண்டவரும் வாயில் முத்தம் கொடுக்க விடாதே, உன் வாயில் வைத்துச் சூடு பார்த்த கரண்டியை அவன் வாயில் வைக்காதே, இருமுகிற ஆள் பக்கம் படுக்க வைக்காதே, கை கழுவாமல் சோறு ஊட்டாதே. இவ்வளவும் செய்தால் எட்டுக் கிரகமும் நம்மை ஒன்றும் செய்யாது. சின்னத்தாயையும் மாடத்தியையும் காது குத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன், உள்ளே பந்தியில். அதைக் கேட்டு உன் அப்பா இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறார், அது என் பாடு.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வீரலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு பழைய வழக்கப்படி பெரியப்பா முன்னால் போய் நிற்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள். அவர் பேசுவது இனி அவளுக்கு வராது, அந்தக் காற்று ஒன்றுதான் அவரிடமிருந்து அவளுக்கு வருவது. முதல் நாள் அவர் எழுந்து போய்விட்டார். அவள் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டே நின்றாள், அவர் போனது அவளுக்குக் கேட்கவில்லை. அடுத்த நாளும் போய் நின்றாள். அன்றைக்கு அவர் கட்டை விரலால் திருநீறு பூசிவிட்டு, துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாட்டுக்கு ஈ ஓட்டுகிற ஓலை விசிறியை எடுத்து அவள் முகத்துக்கு நேராக மெதுவாக மூன்று தரம் வீசினார். அவள் இமை ஆடியது. கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். இப்போது தினமும் அப்படித்தான் நடக்கிறது.

பேரனுக்கு என் முத்தத்தை நெற்றியில் மட்டும் கொடு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீ தீர்க்க சுமங்கலியாக, பிள்ளையோடும் இரண்டு காதோடும் நல்லபடியாக இரு. சாத்தூர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன், கிளம்பும் நாளை எழுது. மறக்காமல் ஒன்று வாங்கி வா. அங்கே சின்னதாக, மெல்லிசாக, பூப்போட்ட பனையோலை விசிறி விற்பார்களாமே. இங்கே பனைக்குப் பஞ்சமா என்று கேட்காதே. மாட்டு விசிறியால் உன் பிள்ளைக்கு வீச அவருக்கு மனசு வராது.

இப்படிக்கு,
உன் அம்மா
சீனியம்மாள்